ஸ்தாமாதிஸைத் தீவில் இறக்கிய நாள்

லூயிஷாமில் மரணச் சடங்கு நிறுவனம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்து சென்ற கோடையில் ஓய்வு பெற்றேன். இறந்தவர்களைக் கழுவி, உடுத்தி, பெட்டியில் வைத்து, போகவேண்டிய இடத்துக்கு அனுப்பிவைப்பதுதான் என் வேலை. வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் பொறுப்பு கடைசிப் பதினைந்து ஆண்டுகளும் என்னிடமே இருந்தது.

என் இடத்துக்கு வந்திருக்கிற தர்ஷினி போன வாரம் தொலைபேசியில் பேசினாள்.

"அன்ரி, இப்ப பெட்டியை ஏர்போட்டில குடுத்தாச் சரி. அதுக்குப் பிறகு போனில ஒரு புள்ளி நகரும். போய்ச் சேர்ந்தா பச்சையாகும். நீங்கள் ஒருக்கா கிறீஸ் நாட்டுக்கு ஒரு பெட்டியோட கப்பலில கூடவே போனனீங்களாமே, உண்மையோ?"

"ஓம்."

"ஏன் அன்ரி?"

அது தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மன்னாரில் பிறந்தவள். லண்டனுக்கு வந்து முதலில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தேன். அங்கே ஒருவர் இறந்தால் கறுப்பு உடையில் இரண்டு பேர் வந்து எடுத்துப்போவார்கள். அவர்கள் நடந்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஒருநாள் அவர்களிடம் வேலை கேட்டேன். இரண்டு ஆண்டுகள் வாகனம் கழுவினேன், பூ அடுக்கினேன், பிறகு எம்பாம் செய்ய, அதாவது உடல் கெடாமல் மருந்தேற்றிப் பதப்படுத்த, படித்தேன். எங்கள் பங்குக் கோயிலில் சிலர் அந்தக் காலத்தில் செத்தவர்களைத் தொடுகிற கை என்று என் கையைப் பார்த்துப் பேசினார்கள். என் கணவர் அன்ரன் மட்டும், "ஆரும் செய்யத்தானே வேணும்" என்று சொன்னார். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வேலையை எனக்கு உண்மையில் கற்றுத் தந்தவர் மிஸிஸ் டால்ட்டன்.

அவர்தான் எங்கள் மேலாளர். உயரமான வெள்ளைக்காரப் பெண். கட்டடத்துக்குள் ஒருநாளும் ஓடமாட்டார். பிணவறைக்குள் போகும்போது கதவைத் தட்டிவிட்டுத்தான் போவார். உள்ளே உயிருள்ள ஆள் எவரும் இல்லை என்று தெரிந்தாலும் தட்டுவார். 'உடல்' என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை, பெயரைத்தான் சொல்வார். கணுக்காலில் கட்டியிருக்கும் பெயர்ப் பட்டியை மூன்று தடவை வாசிக்க வேண்டும்: வரும்போது, உடுத்தியபின், மூடுமுன். ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர் கடதாசியில் பார்க்க வேண்டும். மூடும்போது, "இப்ப மூடப்போறம், மிஸ்டர் ஹாரிஸ்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்வார். என்னை அவர் கண்டித்தது ஒரே ஒரு தடவை. ஒரு பெட்டியின் மூடியில் பேனாவை வைத்துவிட்டு ஏதோ தேடிக்கொண்டிருந்தேன். வந்து பேனாவை எடுத்து என் கையில் தந்தார். "அது மேசை இல்லை, ரெஜினா." அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரு மூடியிலும் நான் எதையும் வைத்ததில்லை.

ஸ்தாமாதிஸ் எங்களிடம் வந்தது பெருந்தொற்றுக்கு முந்திய ஒரு நவம்பரில். எண்பத்தொரு வயது. கிரேக்கத்தின் கடைசி ஓரத்தில் இருக்கிற ஒரு சின்னத் தீவுக்காரர். அங்கே இன்று நூறு பேர்கூட இல்லை. பத்தொன்பது வயதில் சரக்குக் கப்பலில் ஏறி, லண்டனில் இறங்கி, சந்தைக்குப் பக்கத்தில் சப்பாத்துத் திருத்தும் கடை வைத்திருந்தார். பிறகு ஒரு தடவைகூடத் திரும்பிப் போகவில்லை. தகப்பனோடு கோபம் என்றார்கள். தகப்பன் செத்தபின் வெட்கம். பிள்ளைகள் இல்லை. மனைவி கலியோப்பி ஏதென்ஸ்காரி. அந்தத் தீவை அவர் கண்டதே இல்லை.

கடதாசி வேலைகள் வழமைபோல நடந்தன. இங்கிலாந்தை விட்டு வெளியே கொண்டுபோக மரண விசாரணை அதிகாரியின் அனுமதி, தொற்றுநோய் இல்லை என்ற வைத்தியச் சான்றிதழ், நான் கையெழுத்திடும் எம்பாம் சான்றிதழ், தூதரக முத்திரை. மரப்பெட்டிக்குள் துத்தநாகத் தகட்டுப் பெட்டி. அதை ஈயத்தால் பற்றவைத்துக் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஏழு நாள் ஆனது.

அடைப்பதற்கு முன் கலியோப்பி பார்க்க வந்தார். கையில் ஒரு பழைய படம். "தலைமயிர் இப்படித்தான், இடப்பக்க வகிடு" என்று காட்டினார். அப்படியே சீவியிருந்தேன். அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார். அவருடைய ஆங்கிலத்தை என் தமிழில் எழுதுகிறேன்.

"இவரைக் கழுவினது ஆர்?"

"நான்தான்."

"அப்ப நீ வா. அந்தக் கப்பலில என்னால தனியப் போக ஏலாது. அங்க ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. அவரைத் தெரிஞ்ச ஒரு ஆள் எனக்குப் பக்கத்தில வேணும்."

அப்படி நாங்கள் போவதில்லை. ஏதென்ஸில் அந்த நாட்டு நிறுவனம் பொறுப்பெடுக்கும், எங்கள் கடமை விமான நிலையத்தோடு முடியும். மறுநாள் மிஸிஸ் டால்ட்டனிடம் இதைச் சொன்னபோது மறுப்பார் என்றே நினைத்தேன். அவர் தேதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "உம்மட பாஸ்போட் செல்லுபடியோ?" என்று மட்டும் கேட்டார்.

அன்ரன் பயணப்பையை இறக்கித் தந்தார். "இந்தக் காத்துக்கையோ கடலுக்குப் போறீர்?" என்றார். மீன்பிடி ஊரில் பிறந்தும் எனக்குக் கடல் என்றால் பயம் என்று அவருக்குத் தெரியும்.

ஏதென்ஸ் துறைமுகத்தில் காற்றுத்தான் எங்களை வரவேற்றது. காற்று ஓர் அளவுக்கு மேல் போனால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை விடமாட்டார்கள். இரண்டு நாள் ஒரு சிறிய விடுதியில் இருந்தோம். ஸ்தாமாதிஸ் அந்த நாட்டு நிறுவனத்தின் குளிரறையில் இருந்தார். கலியோப்பி பல்கனியில் நின்று, துறைமுகத்தில் காற்றில் அடிக்கும் கொடிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் காலை, அந்த நிறுவனத்தின் வேன் ஓட்டி வந்து கதவைத் தட்டினார். கப்பல் போகிறது.

அவ்வளவு பெரிய கப்பலை நான் கிட்ட நின்று பார்த்ததில்லை. பின்பக்கம் முழுவதும் ஒரு வாய்போலத் திறந்து, இரும்புச் சரிவுப் பலகை கரையில் கிடந்தது. லொறிகள் பின்பக்கமாக ஏறின. தண்ணீர்ப் போத்தல், கோழித் தீவனம், ஓர் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம், பள்ளிக்கூட மேசைகள். ஒரு தீவுக்குத் தேவையான எல்லாம் அந்த வயிற்றுக்குள் போனது. கடைசியாக, ஸ்தாமாதிஸின் பெட்டியோடு எங்கள் வேன். பிறகு சங்கிலி இழுபட, பலகை மேலே எழும்பி வெளிச்சத்தை மூடியது.

எட்டரை மணிநேரப் பயணம். வழியில் நான்கு தீவுகள், எங்களுடையது கடைசி. கப்பல் புறப்பட்டதும் கலியோப்பி கீழே இறங்கும் படிக்குப் போனார். வேனுக்குள் கணவனோடு இருக்க வேண்டும் என்றார். படியில் நின்ற கப்பல் அதிகாரி கையை நீட்டி மறித்தார். மனோலிஸ் என்று சட்டையில் எழுதியிருந்தது. தடித்த ஆள், நரைத்த மீசை. எங்கள் இருவருக்கும் விளங்க ஆங்கிலத்தில் பேசினார்.

"ஏலாது, அம்மா. கப்பல் ஓடேக்க வாகனத் தட்டில ஆரும் நிக்கக் கூடாது. சட்டம்."

"அவர் தனிய இருக்கிறார்."

"சட்டம், அம்மா."

கலியோப்பி அழவில்லை. திரும்பி வந்து, அந்தப் படிக்கு மிக அருகில் இருந்த கதிரையில் இருந்துகொண்டார். எனக்கும் கோபம்தான், ஆனால் அவர் சொன்னது சரி. கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரு மாடி உயரம் மேலே போய் ஒரு மாடி கீழே விழுவதுபோல ஆடத் தொடங்கியது. கீழே நின்றால் லொறிகளுக்கு நடுவில் நசுங்கிப்போவோம்.

அரை மணி கழித்து மனோலிஸ் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கலியோப்பியிடம் கிரேக்கத்தில் ஏதோ சொன்னார். கலியோப்பி தலையாட்டினார். இன்னோர் அரை மணி கழித்து மறுபடியும் வந்தார். அதே சில சொற்கள். மூன்றாம் தடவை வந்து போனபின் என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"சங்கிலியளைப் பாக்க அரை மணிக்கு ஒருக்கா கீழ போறவராம். போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுறார். 'நல்லா இருக்கிறார், அசையேல்லை' எண்டு."

எட்டரை மணிநேரமும் அவர் வந்தார். ஒரு தடவைகூடத் தவறவில்லை. என் வேலையில் நான் பல பெரிய மனிதர்களைக் கண்டிருக்கிறேன். ஈரமான சப்பாத்தோடு, ஆடுகிற கப்பலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கிழவியிடம் அந்தச் சில சொற்களைச் சொல்ல வந்த அந்த மனிதனைப் பார்த்தபோது எனக்கு எழும்பி நிற்க வேண்டும்போல இருந்தது.

மூன்று தீவுகளில் நின்றோம். ஒவ்வொரு இடத்திலும் வாய் திறந்து, சாமான் இறங்கி, ஐந்தே நிமிடத்தில் மூடியது. பிறகு நிலமே தெரியாத கடல். சாம்பல் நிறத்தில், வெள்ளை நுரை பிய்ந்து பறக்க, கண் போகும் தூரம்வரை அது எழும்பி எழும்பி வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய ஒன்றை நான் பார்த்ததில்லை. பயம் இருந்தது. ஆனால் ஒரு நேரத்துக்குப் பிறகு பயத்தைவிடப் பெரிதாக வேறொன்று வந்து நின்றது. கோயிலில் சில நாள் முழங்காலில் நிற்கும்போது வருகிற அமைதி அது. இந்த வெட்டவெளியைக் கடந்து பத்தொன்பது வயதில் ஒருவன் போயிருக்கிறான். அதே வழியால் அவனை இப்போது கொண்டுபோகிறோம்.

பின்னேரம் நான்கு மணியளவில் தீவு தெரிந்தது. மரமே இல்லாத கல்மலை. அடிவாரத்தில் ஒரு கைப்பிடி வெள்ளை வீடுகள். துறைமுகம் என்று சொல்ல ஒரு கொங்கிறீற் மேடை மட்டும், அலைக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஆட்கள் நின்றார்கள். நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் கலியோப்பி கண்ணாடியில் கையை ஊன்றிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வந்திருக்கினம்" என்றார். "அக்காவைத் தவிர ஒருத்தருக்கும் அவரைத் தெரியாதே."

கப்பல் திரும்பிப் பின்பக்கமாக மேடையை நெருங்கியது. பலகை பாதி இறங்கியது. அலை தூக்கி எறிந்தது. கப்பல் விலகியது. இரண்டாம் தடவையும் அப்படியே. மனோலிஸ் எங்களிடம் வந்தார். இந்தத் தடவை முகம் இறுகியிருந்தது, ஆங்கிலத்தில் பேசினார்.

"கப்டன் இன்னும் ஒருக்காத்தான் பாப்பார். ஏலாட்டி திரும்பவேணும். அடுத்த கப்பல் நாலு நாளில. வேனை இறக்க ஏலாது, பலகை நிலத்தில நிக்காது. ஆள் கையால தூக்கினா மட்டும் ஏலும்."

கலியோப்பி மேலங்கியின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டினார்.

நாங்கள் கீழே இறங்கினோம். வேன் ஓட்டி பின்கதவைத் திறந்தார். துத்தநாகத்தோடு சேர்த்து அந்தப் பெட்டி எட்டுப் பேர் சுமக்கவேண்டிய பாரம். கப்பலாட்கள் ஆறு பேர், வேன் ஓட்டி, நான். பலகைக்கு அந்தப் பக்கம், அலை ஏறிய மேடையில், தீவுக்காரர் முழங்கால்வரை தண்ணீரில் நின்றார்கள். எஞ்சின் உறுமியது. பின்பக்கம் கடல் பால்போல வெளுத்துக் கொதித்தது. அந்த இராட்சத இரும்பைக் கப்டன் எங்கோ மேலே நின்று ஒரு சாப்பாட்டுத் தட்டைப் பிடிப்பதுபோல அந்த இடத்தில் பிடித்துவைத்திருந்தார். பலகை மேடையில் உரசியது, எழும்பியது, மறுபடி உரசியது. மனோலிஸ் கையை உயர்த்தியபடி அலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப."

நடந்தோம். ஓடவில்லை. பாரத்தோடு ஓட முடியாது. பலகையின் நுனியில் எதிரிலிருந்து பன்னிரண்டு கைகள் வந்தன. என் கைப்பிடியை ஒரு கிழவனின் கை வாங்கிக்கொண்டது. நான் திரும்பிக் கலியோப்பியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து அவரையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தேன். கால் கொங்கிறீற்றில் பட்டதும் பின்னால் பலகை எழும்பிவிட்டது. வேன் ஓட்டி கப்பலுக்குள்ளேயே நின்றார். வேனை விட்டுவிட்டு வர அவரால் முடியாது. கப்பல் விலகும்போது நீளமாக ஒரு தடவை ஊதியது. மேடையில் நின்ற ஆண்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். மேலே கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.



பெட்டியைக் கோயிலுக்குப் பக்கத்து அறையில் வைத்தார்கள். அங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. தீவின் குரு, அங்கியின் மேல் மீனவர் மழைச்சட்டை போட்ட மனிதர், பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். கலியோப்பி எனக்கு மொழிபெயர்த்தார்.

"உள்ள தகடோ?"

"ஓம். பற்றவைச்சிருக்கு."

"தகட்டோட புதைக்க ஏலாது."

அந்தத் தீவு கல். புதைக்கிற மண்ணே கொஞ்சம்தான். சில ஆண்டுகள் கழித்து எலும்பை எடுத்து, வைன் ஊற்றிக் கழுவி, பெயர் எழுதிய சின்னப் பெட்டியில் கோயிலில் வைப்பார்கள். அந்த மண் அடுத்தவருக்கு. தகட்டுக்குள் இருந்தால் மண் அவரைத் தொடாது. தகட்டை அகற்றுவது வேன் ஓட்டியின் பொறுப்பு. அவர் கருவிகளோடு கப்பலில் போய்விட்டார்.

"மூடினது நான்" என்றேன். "நான் திறக்கிறன்."

 இறந்து பதினொரு நாள். எம்பாம் நன்றாகச் செய்திருந்தேன், ஆனால் அது சத்தியம் அல்ல. உள்ளே என்ன இருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. வெளியே கலியோப்பி நின்றார். அவருக்குப் பக்கத்தில் கதிரையில் ஒரு சின்ன உருவம், கறுப்புத் துணியால் தலையைச் சுற்றியிருந்தது. ஸ்தாமாதிஸின் அக்கா கதீனா. தொண்ணூறு வயது. அறுபத்திரண்டு ஆண்டுகளாகத் தம்பியைக் காணாதவர். நான் திறக்கிற முகம் கெட்டுப்போயிருந்தால், மிச்சக் காலத்துக்கும் அவர் கண்ணில் இருக்கப்போவது அந்த முகம்தான்.

தீவின் வைத்தியரை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு கதவைச் சாத்தச் சொன்னேன். யாரோ தகடு வெட்டும் கத்தரி கொண்டுவந்து தந்தார்கள். நான் பற்றவைத்த கோட்டுக்குக் கீழே தலைப்பக்கத்திலிருந்து வெட்டினேன். கை வழுக்கியது. இரண்டு இடத்தில் விரல் கிழிந்தது. "இப்ப திறக்கப்போறன், மிஸ்டர் ஸ்தாமாதிஸ்" என்று தமிழில்தான் சொன்னேன். தகட்டை மடித்தேன்.

அவர் அப்படியே இருந்தார். லூயிஷாமில் நான் விட்டுவந்த அதே முகம். வலது காதுக்கு மேலே மட்டும் ஒரு கட்டைவிரல் அளவு கறுத்திருந்தது. இடப்பக்க வகிடு என்பதால் மயிரை அந்தப் பக்கம் இழுத்துச் சீவி அதை மறைத்தேன். பெயர்ப் பட்டியை நான் வாசிக்க வைத்தியர் கடதாசியில் பார்த்தார். தீவின் தச்சன் செய்துவைத்திருந்த வெறும் பலகைப் பெட்டிக்கு, வைத்தியர் உள்ளே கூப்பிட்ட நான்கு ஆண்கள் அவரை மாற்றினார்கள். பிறகுதான் கலியோப்பிக்கும் கதீனாவுக்கும் கதவைத் திறந்தேன்.

கதீனாவைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தார்.  ஏதோ சொன்னார். கலியோப்பி என் காதில் சொன்னார்:

"'கிழவனாப் போட்டான்' எண்டு சொல்லுறா."

பிறகு கதீனா விரலை நாக்கில் தொட்டு நனைத்தார். தம்பியின் தலைமயிரைப் பிரித்து, இடப்பக்க வகிட்டைக் கலைத்து, மெல்ல மெல்ல மற்றப் பக்கம் படியவைத்தார். கண் அவ்வளவாகத் தெரியாத கிழவி. விரல் தடுமாறவே இல்லை. வலப்பக்கம் நேர் வகிடு விழுந்தது. அந்தச் சீவலில் காதுக்கு மேலே நான் மறைத்த கறுப்பு வெளியே வந்தது. நான் ஓர் அடி முன்னால் போனேன். அவர் அதைக் கண்டுவிட்டார். உள்ளங்கையை அதன் மேல் வைத்து, குழந்தையின் காய்ச்சலைப் பார்ப்பதுபோல அப்படியே வைத்திருந்தார்.

"கன தூரம் வந்தவன் எல்லோ" என்றாராம்.

கலியோப்பி கணவனைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஐம்பது ஆண்டு அவரோடு வாழ்ந்தவர். "சின்னனில இவரின்ர அம்மா அப்படித்தான் சீவுறவவாம்" என்று எனக்குச் சொன்னார். என் பையில் சீப்பு இருந்தது. எடுக்கவா என்று கண்ணால் கேட்டேன்.

"வேண்டாம்" என்றார் கலியோப்பி. "இருக்கட்டும்."

மறுநாள் காலை கடலைப் பார்த்த மேட்டில் அவரைப் புதைத்தார்கள். தீவில் நடக்கக்கூடிய எல்லோரும் வந்தார்கள். மண் நேரே பலகையில் விழுந்த சத்தம் கேட்டது. நான்கு நாள் கதீனாவின் வீட்டில் இருந்தேன். அவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு சொல்லும் இல்லை, ஆனால் சாப்பாட்டு நேரம் என் தட்டு ஒருநாளும் காலியாக இருக்கவில்லை. கலியோப்பி என்னோடு திரும்பவில்லை. குளிர்காலம் முடியட்டும், பார்ப்போம் என்றார். குளிர்காலம் முடிந்தும் அவர் வரவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். மிஸிஸ் டால்ட்டன் தன் அறையில் ஸ்தாமாதிஸின் கடதாசிக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு முழுவதையும் சொல்லச் சொன்னார்.  இடையில் என் விரலில் சுற்றியிருந்த காயத்துணியை மட்டும் ஒரு தடவை பார்த்தார். முடிந்தபின் முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

"அப்ப மிஸ்டர் ஸ்தாமாதிஸின்ர வகிடு வலப்பக்கம்" என்றார்.

"ஓம்."

அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பிப் பேனாவைத் தந்தார். "நாங்கள் இடப்பக்கம் எண்டு எழுதியிருக்கிறம். திருத்தி விடுங்கோ."

திருத்தினேன். அவர் வாசித்துப் பார்த்துக் கையெழுத்து வைத்தார்.